காக்கா கத்தின சத்தம்

நேர்மையானவனைப் பிடிப்பதைப்போலச் சுலபமான வேலை பொலிசுக்கு வேறில்லை. அவனுடைய விலாசம் இருக்கிறது, தொலைபேசி இலக்கம் இருக்கிறது, கையெழுத்துக்கூட இருக்கிறது. போய்க் கூப்பிட்டால் சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்து தானாகவே ஜீப்பில் ஏறுவான். குண்டசாலை றஜீவ் அப்படித்தான் ஏறினான்.

அவன் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவன். சொந்தமாக ஒரு ட்ரோன் வைத்திருந்தான். குண்டசாலையிலிருந்து தெல்தெனிய வரைக்கும் எத்தனை பேர் மொட்டைமாடியில் நின்று ட்ரோன் விடுகிறார்கள் என்பது ஞாயிற்றுக்கிழமை வானத்தைப் பார்த்தாலே தெரியும். அவர்களில் யார் அதை அரசாங்கத்தில் பதிந்தார்கள்? றஜீவ் பதிந்தான். இலக்கத்தை அதன் வயிற்றில் ஒட்டினான். ஏற்றுவதற்கு முன் காற்றுப் பார்ப்பான், பட்டரி பார்ப்பான், ஆட்களின் தலைக்கு மேலால் கொண்டுபோகவே மாட்டான். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் உயரத்துக்கு விடச்சொல்லிக் கெஞ்சினாலும் "சட்டம் இவ்வளவுதாங்க" என்று கையை விரித்துவிடுவான். நீர்த்தேக்கத்தில் இறங்க வந்த சின்ன விமானத்தில் எவனோ விட்ட ட்ரோன் மோதியபோது, பொலிசார் யார் யார் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு பெயர்தான் வந்தது. அத்தோடு அவர்களுக்கு வேலை முடிந்தது.

துப்பறியும் பத்மாதேவிக்கு இதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

"மிஸ், பல்லைக் கடிக்காதீங்க. பல் டொக்டர்கிட்ட போறதுன்னா நான் வரமாட்டேன், எனக்கு அந்த மெஷின் சத்தமே ஆகாது," என்றான் எஸ்ரன். அவளுடைய உதவியாளன். ஓட்டோவும் அவனுடையது, வாயும் அவனுடையது. இரண்டுக்கும் பிரேக் குறைவு.

"பின்னேரம் தெல்தெனியக் கோட்டில அந்தப் பொடியனை நிப்பாட்டப் போகினம். விளக்கமறியலுக்கு அனுப்பினால் எப்ப வெளியில வருவான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நீ பல்லைப் பற்றிக் கதைக்கிறாய்."

எஸ்ரன் வாயை மூடிக்கொண்டு ஓட்டோவை நீர்த்தேக்கத்துப் பக்கம் இறக்கினான்.

மோதிய ட்ரோன் தண்ணீருக்குள் போனதோ, எங்கே போனதோ, கிடைக்கவில்லை. றஜீவின் ட்ரோனில் ஒரு கை உடைந்திருந்தது. பலாமரத்தில் பட்டது என்றான் அவன். விமானத்தில் பட்டது என்றார்கள் அவர்கள். விமானத்தின் முன்கண்ணாடி உடைந்து விமானி ஷிராணியின் கண்ணுக்குள் துண்டு ஏறியிருந்தது. ஒற்றைக் கண்ணோடு அந்தப் பெண் விமானத்தைத் தண்ணீரில் இறக்கிவிட்டுத்தான் மயங்கினாள். அவளைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவளுடைய கண்ணுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல றஜீவ் கையில் இருந்தான். அவனுடைய மனைவி ஷாமலா பத்மாதேவியிடம் வந்து அழவில்லை. "அவர் ட்ரோனைவிட அந்தச் சட்டத்தைத்தான் மிஸ் கூட நேசிச்சாரு" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டபிறகுதான் பத்மாதேவிக்குக் கோபம் தலைக்கேறியது.

'நீலத்தாரா எயார்' கம்பனியின் தளம் என்பது ஒரு மரத்துறை, காற்றுத் திசை காட்டும் ஒரு துணிப்பை, ஒரு சின்ன அலுவலகம், அவ்வளவுதான். ஊர்ச்சனம் அதைத் தண்ணி எயார்போர்ட் என்று சொல்லும். வாசலில் மூன்று மொழியிலும் பெரிய பலகை: ட்ரோன் பறக்கவிடத் தடை. பாதுகாப்பு அதிகாரி சேந்தன் எழுந்து நின்று வரவேற்றான். செம்மஞ்சள் மேற்சட்டை, நெஞ்சில் கம்பனியின் தாரா, நீல வாத்துப் படம்.

"வாங்கோ அக்கா, கதிரையில இருங்கோ. கதையைக் கேட்டவுடன விளங்கியிட்டுது, எங்கட பக்கம்தான். நான் மானிப்பாய்."

"நான் சுண்டுக்குளி," என்றாள் பத்மாதேவி. காலையிலிருந்து முதல்முறையாக அவள் முகம் இளகியது. கண்டியில் இருந்துகொண்டு காதாரத் தன் ஊர்ப்பேச்சைக் கேட்பது அவளுக்கு ஒரு சுகம்.

பால் விடாத தேநீர் வந்தது. எஸ்ரன் கோப்பையை எடுத்து மோந்து பார்த்தான். "பிளேன் ஓடாட்டியும் பிளேன்டீ ஓடுது மிஸ். நல்ல கம்பனி."

சேந்தன் அதைக் கேட்காதவன்போல இருந்தான். "அக்கா, விமானம் ஏறி இறங்கிற இடத்துக்குக் கிட்ட எங்கட அனுமதியில்லாமல் ஒருத்தரும் ட்ரோன் விடக்கூடாது. விடுறவன் அதைக் கண்ணால பாத்துக்கொண்டே நிக்கவேணும். விமானச் சத்தம் கேட்டால் உடன இறக்கவேணும். ஆள் இருக்கிற வண்டிக்குத்தான் வானத்தில முதல் வழி. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்."

"றஜீவுக்கு விளங்கேல்லையோ?"

"அவர்தான் முதலே என்னட்ட ரெலிபோனில கேட்டவர். தண்ணிக்கரையில ஒரு கலியாண சோடியைப் படமெடுக்கவேணுமாம். ஏலாது எண்டு சொன்னன். சரி சேர் எண்டு வைச்சவர். அண்டைக்கு நான் இந்தத் துறையை விட்டு அசையேல்லை; விபத்து நடந்தவுடன, பொலிஸ் பதிவைப் பாக்க முதலே, நான்தான் அவரின்ர பேரைக் குடுத்தனான். கேட்டவனுக்குத்தானே அக்கா ஆசை இருந்திருக்கும்."

அந்தக் கடைசி வசனம் பத்மாதேவிக்கு உறுத்தியது. ஆனால் சொன்ன விதம் மரியாதையாக இருந்தது, சொன்ன பாஷையும் சொந்தமாக இருந்தது. அவள் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தாள்.

பொலிஸ் நிலையத்துக்கு எதிர்ப்புறத் தேத்தண்ணிக் கடையில் கான்ஸ்டபிள் ராஜலிங்கம் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். எஸ்ரனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியாரிடம் அடிவாங்கியவன். அந்த உறவு போதும்.

"பாத்த சாட்சி ஒண்ணுதான் மிஸ்," என்றான் ராஜலிங்கம். "திகனயில மஸாஹிரான்னு ஒரு அம்மா. மொட்டைமாடியில உடுப்புக் காயப்போடப் போயிருக்காங்க. தண்ணிக்கு இந்தப் பக்கத்து மேட்டுலருந்து ட்ரோன் ஏறிச்சாம். விட்டது யாருன்னு தெரியல, தூரம். அப்புறம் காக்கா கத்தின சத்தத்துக்கு எறக்கிட்டாங்களாம்." அவன் சிரித்தான். "நான்தான் தமிழ்ல கேட்டு சிங்களத்துல எழுதுனேன். பெரியவரு வாசிச்சிட்டு, காக்காயையும் சாட்சிக்கு கூட்டிட்டு வரவான்னு கேட்டாரு."

"காகம் கத்தினதுக்கு ஆரும் ட்ரோனை இறக்குவினமோ?"

"பருந்து, காக்கா எல்லாம் அதைக் கொத்த வரும் மிஸ். பயந்து எறக்கியிருப்பாங்க."

"இறக்கினாங்க எண்டுதான் சொன்னவவோ? றஜீவ் தனியத்தானே வேலை செய்யிறவன்."

"அது மரியாதைக்குச் சொல்றது மிஸ்," என்று ராஜலிங்கம் அடுத்த ரொட்டியை எடுத்தான்.

அந்த அலட்சியத்தைப் பார்க்கப் பத்மாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தன் உள்ளே கிடக்கிறான், இவன் ரொட்டிக்குச் சம்பல் கேட்கிறான். அவள் விறுவிறென்று ஓட்டோவில் போய் ஏறினாள்.

"திகனைக்கு விடு."

"காக்காயைப் புடிக்கவா? இலையில சோறு வச்சு கா கான்னு கூப்பிட்டா போதும் மிஸ். சாட்சி மொத்தமும் குடும்பத்தோட வந்து எறங்கும்."

"எஸ்ரன், இண்டைக்கு எனக்குச் சிரிப்பு வராது."

"எனக்கும்தான் மிஸ். வாய் சும்மா இருக்கமாட்டேங்குது."

மஸாஹிராவின் வீடு திகனக் கடைவீதிக்குப் பின்னால், இரண்டு மாடி. கீழே அரிசிக்கடை, மேலே குடித்தனம். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். கதவைப் பாதிதான் திறந்தாள்.

"பொலிசுக்குச் சொன்னதத்தான் உங்களுக்கும் செல்லுவன். ஒண்டும் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். அவங்க என்ன வெச்சுச் சிரிச்சாங்க. நான் என்ன பைத்தியமா?"

"நான் சிரிக்க வரேல்லை, தங்கச்சி. பொலிஸ் பிடிச்சு வைச்சிருக்கிற பொடியனுக்காக வந்தனான். அவன் விட்டதில்லை எண்டு எனக்குத் தெரியும், காட்டத்தான் வழி இல்லை."

அதற்குப் பிறகு கதவு முழுவதும் திறந்தது. மொட்டைமாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். கொடியில் சட்டைகள், அதற்கப்பால் நீர்த்தேக்கம், அதன் கரையில் புல் மேடு. ஆள் நின்றால் ஆள் என்று தெரியும், முகம் தெரியாது.

"அங்கரிந்துதான் ஏறின. காக்கா கத்தின சத்தத்துக்கு இறக்கிட்டாங்க. பொறகு நான் சமைக்கப் போயிட்டன். கொஞ்சத்தால பெரிய சத்தம் கேட்ட, பிளேன் தண்ணியில சாஞ்சாப்போல நிக்கிது."

எஸ்ரன் தொண்டையைச் செருமினான். "அந்தக் காக்கா எப்படிங்க, நல்ல கறுப்பா?"

மஸாஹிராவின் முகம் மாறியது. "என்ன தம்பி கேள்வி இது? கறுப்புத்தான். வெயில்ல திரியிற உடம்பு. அதுக்கென்ன இப்ப?"

"இல்லங்க, தனியா கத்துச்சா, கூட்டமா கத்துச்சா?"

"தனியத்தான். நல்லா ஏசினாரு. அவருக்குக் கோவம் வந்தா ஊருக்கே கேக்கும்."

எஸ்ரன் பத்மாதேவியிடம் குனிந்தான். "பாத்தீங்களா மிஸ், காக்காய்க்கே 'ஏசினாரு'ன்னு மரியாதை. என்னை நீங்க நாய்க்குச் சொல்ற மாதிரி 'டேய்'ங்கிறீங்க."

பத்மாதேவி அசையாமல் நின்றாள். 'கத்தின சத்தம்' என்றால் யார் கத்தியதென்று தமிழ் காட்டிக்கொடுக்காது. காகமும் கத்தலாம், கந்தையாவும் கத்தலாம். ஆனால் 'ஏசினாரு' என்று காகத்தைச் சொல்ல இந்தத் தீவில் ஒரு வாயும் இல்லை. காப்புறுதிக் கம்பனிக்காக அவள் கல்முனையில் சில வருடம் குடியிருந்தவள். அங்கே அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மதிலுக்கு மேலால் தங்கள் தமையனைக் கூப்பிடும் சத்தம் அவளுக்கு இப்போது கேட்டது.

"தங்கச்சி, நீங்கள் பிறந்தது திகனையோ?"

"இல்ல, சாய்ந்தமருது. இஞ்ச முடிச்சு வந்த."

"காக்காட பேரென்ன?"

"மர்சூக்."

"காக்காய்க்குப் பேரு வேற வச்சிருக்காங்களா?" என்றான் எஸ்ரன்.

"வாயைப் பொத்து," என்றாள் பத்மாதேவி. "எங்கட பக்கத்தில அந்தப் பறவை காகம். உன்ர பக்கத்திலதான் அது காக்கா. திகன முஸ்லிம் ஆக்கள் தமையனை நானா எண்டுவினம். கிழக்குக் கரையில தமையன்தான் காக்கா. கத்தினது பறவை இல்லை, மடையா. இவவின்ர அண்ணன்."

எஸ்ரனின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. மஸாஹிரா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அவங்க என்ன காகம் எண்டா எழுதின? அதானா சிரிச்ச?"

சிரித்தது ஒரு பக்கம் கிடக்கட்டும். மேட்டுக்குப் போய், ட்ரோன் விட்டவனை முகத்துக்கு முகம் பார்த்து ஏசிய ஒரு மனிதன் இருக்கிறான். அவனைப் பறவையாக்கி எழுதி, அடுக்கி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத ஒருத்தனைக் கோட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரே பாஷை பேசுகிறோம் என்ற மிதப்பில் திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை.

"காக்கா இப்ப எங்க?"

"அண்டைக்கே ஊருக்குப் போயிட்டாரு. லொறி ஓடுறவர். நேத்து திரும்பி வந்து கடைக்கு அரிசி இறக்கிட்டு இப்பத்தான் வெளிக்கிட்ட." மஸாஹிரா தொலைபேசியை எடுத்து அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "லொறி ஓடக்குள்ள போன் எடுக்கமாட்டாரு. பகல் லுஹருக்குத் தெல்தெனியப் பள்ளியில நிப்பாட்டுவாரு. தொழுதிட்டு ஏறினா பொறகு மஹியங்கனைக்கு அங்காலதான்."

எஸ்ரனுக்கு இரண்டாம் முறை சொல்லத் தேவைப்படவில்லை. தெல்தெனிய வீதியில் அவன் பஸ்ஸை முந்தினான், ட்ராக்டரை முந்தினான், ஹோர்ன் அடித்த வேனுக்குக் கையைக் காட்டிவிட்டு அதையும் முந்தினான். பத்மாதேவி கம்பியைப் பிடித்தபடி இருந்தாள். வேறு நாளாக இருந்தால் அவனுடைய காதைப் பிடித்திருப்பாள்.

பள்ளிவாசலுக்கு வெளியே கிழக்கு மாகாண இலக்கத் தகட்டோடு லொறி நின்றது. தொழுகை முடிந்து, மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு வாட்டசாட்டமான மனிதன் வந்தான். எஸ்ரன் இரண்டடி பின்னால் போனான்.

"மிஸ், காக்கா இல்ல, கழுகு."

பத்மாதேவி விஷயத்தைச் சொன்னாள். மர்சூக் கேட்கக் கேட்க அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

"புடிச்சிட்டாங்க எண்டு கேள்விப்பட்டன். சரியான ஆளத்தான் புடிச்சிருப்பாங்க எண்டு இருந்திட்டன். நான் தண்ணிக்கரைக்கு லொறி கழுவப் போன. பாத்தா மேட்டில ரெண்டு பேர் நிண்டு அத ஏத்துறாங்க. கொழும்புப் பொடியன் ஒருத்தன், கையில ரிமோட். மத்தவன் ஆரஞ்சுச் சட்ட போட்டவன். பிளேன் வாற வழியடா, இறக்குங்கடா எண்டு நல்லா ஏசினன். இறக்கினாங்க."

"பிறகு?"

"ஆரஞ்சுச் சட்ட கிட்ட வந்து என்ட தோள்ல கை வெச்ச. ‘ஓம் ஓம், அனுமதியெல்லாம் இருக்கு, நாங்கள் பாத்துக்கொள்ளுறம், நீங்கள் போங்கோ’ எண்டான். மரியாதையாத்தான் செல்லுறானே எண்டு வந்திட்டன். நான் போனப் பொறகு திருப்பி ஏத்தியிருக்கான்." மர்சூக் பத்மாதேவியை ஒருமுறை பார்த்தான். "கோவிக்காதீங்க. உங்கட பாஷதான் அவன் பேசின."

பத்மாதேவி அவனுக்கு இன்னும் கிட்ட வந்தாள்.

"சட்டையில படம் ஏதும் இருந்ததோ?"

"இரிந்த. நெஞ்சில ஒரு தாரா."

எஸ்ரன் இந்தமுறை பகிடி விடவில்லை. "தடைன்னு பலகை வச்ச மனுஷனே ஏத்தியிருக்கானா, மிஸ்?"

"புதுசா விளம்பரப்படம் எடுத்திருப்பினம். விமானம் தண்ணியில இறங்கிறதை முன்னுக்கு நிண்டு எடுத்தால் வடிவா இருக்குமெல்லோ." அவளுடைய குரல் தணிந்துகொண்டே போனது, எஸ்ரனுக்கு அதுதான் பயம். "ஷிராணிக்குச் சொல்லியிருக்கமாட்டான். சொன்னால் அவள் சம்மதிச்சிருக்கமாட்டாள். கண்ணாடி உடைஞ்சவுடன ஒரு பேர் தேவைப்பட்டுது. தன்னட்டை முறையா அனுமதி கேட்டு, ஏலாது எண்டதும் சரி சேர் எண்டு வைச்ச பொடியன்ர பேரை எடுத்துக் குடுத்திட்டான்."

காலையில் அந்தப் பேச்சைக் கேட்டுக் குளிர்ந்த தன் காதை அறுத்து எறியலாம்போல இருந்தது அவளுக்கு. நம்மட ஆள் என்று நினைத்துத் தேநீர் வேறு குடித்திருக்கிறாள்.

"வாங்க, கோட்டுக்குப் போவம்," என்றான் மர்சூக். "நான் செல்றன்."

"நீங்கள் ஒராள். அவன் அதிகாரி. அந்த மேட்டுப் பக்கம் போகவே இல்லை எண்டு சாதிப்பான். லொறிக்காரன்ர சொல்லா, அவன்ர சொல்லா எண்டு வந்தால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்கும் தெரியும். முதல்ல அவன்ர வாயால வரவேணும்."

அவள் ராஜலிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். கோட்டு வாசலில் நிற்கிறேன் என்றான்.

"நிண்ட இடத்தில நில்லும். நீர் எழுதிவிட்ட காகம் லொறி ஓடிக்கொண்டு வருது," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

நீதிமன்ற வளவில் சனம் நிறைந்திருந்தது. படிக்கட்டோரம் ஷாமலா சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். உள்ளே கொடுக்க விடவில்லையாம். முறைப்பாடு செய்த கம்பனி சார்பில் சேந்தன் வந்து, மரத்தின்கீழ் தனியாக நின்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மரத்துக்குப் பின்னால் நின்ற ஜீப்புக்கு மறுபக்கம் மர்சூக்கையும் ராஜலிங்கத்தையும் எஸ்ரன் கொண்டுபோய் நிறுத்தினான். பத்மாதேவி முகத்தை ஆறவிட்டுக்கொண்டு சேந்தனிடம் போனாள்.

"தம்பி, உமக்கு ஒரு கரைச்சல் வருது. எங்கட ஊர்ப் பிள்ளை எண்டபடியால் சொல்லுறன்."

"என்ன அக்கா?"

"ஒரு லொறிக்காரன் வந்து நிக்கிறான். அண்டைக்கு மேட்டில ட்ரோன் விட்ட ஆக்களோட தான் சண்டை பிடிச்சவனாம். பொலிசிட்ட சொல்லப்போறன் எண்டு துள்ளுறான்."

சேந்தனின் விரல் தொலைபேசியில் நின்றுவிட்டது. பத்மாதேவி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"எனக்கெண்டால் அவன்ர கதை எடுபடும் எண்டு தோன்றேல்லை. ஆள் குடிச்சு வெறியில நிண்டிருப்பானோ எண்டு ஒரு ஐமிச்சம்."

தண்ணீரில் தத்தளித்தவனுக்குக் கயிறு கிடைத்ததுபோல அவன் அதை எட்டிப் பிடித்தான். "வெறிதான் அக்கா. கிட்ட வர வாயே மணத்தது. நேர நிக்கவும் ஏலாமல் தள்ளாடினவன். இப்பிடியான ஆக்களின்ர கதையை ஆர் கேப்பினம்?"

"ஆரின்ர வாய் மணத்தது, சேந்தன்?"

"அவன்ர..." என்று தொடங்கியவன் நிறுத்தினான்.

"அவன் நிண்டது மேட்டில. துறையை விட்டு அசையேல்லை எண்டு காலையில சொன்னனீர். பிறகு எப்பிடி உமக்கு மணத்தது?"

ஜீப்புக்கு மறுபக்கம் இருந்து மர்சூக் வந்துவிட்டான். பிடித்து வைக்க எஸ்ரன் முயலவும் இல்லை. "என்ட வாயாடா மணத்த? இந்த வாய்க்குள்ள தேத்தண்ணிய விட வேற ஒண்டும் போன இல்லடா. நான் உனக்குப் புத்தி சொன்னன், உசிரு போகும் எண்டு சொன்னன். என்ன நீ குடிகாரன் ஆக்குறியா?"

அவனுக்குப் பின்னால் வந்த ராஜலிங்கத்தின் காது இரண்டும் சிவந்திருந்தன. பத்மாதேவியை நிமிர்ந்து பார்க்கத் துணியாமல் சேந்தனையே பார்த்தான். "கேட்டேன் மிஸ். எல்லாத்தையும் கேட்டேன்."

"இந்தமுறை ஒழுங்கா எழுதும்," என்றாள் அவள்.

சேந்தன் அவள் கையைப் பிடிக்க வந்தான். "அக்கா, ஒரு நிமிசப் படம்தான். கம்பனி நெருக்கினது. ஷிராணி சொன்ன நேரத்துக்கு முந்தி வந்திட்டா, நான் என்ன செய்யிறது? நாங்கள் எல்லாம் ஒரே ஊர் ஆக்கள்..."

"கையை எடும்." வளவில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. "ஊரை இதுக்குள்ள இழுத்தால் செருப்பாலதான் அடிப்பன். அந்தப் பிள்ளை ஒற்றைக் கண்ணோட உங்கட விமானத்தை இறக்கினவள். அவள் முந்தி வந்தது பிழையோ? ஏலாது எண்டு நீர் சொன்ன சட்டத்தை ஒருத்தன் மதிச்சான். அவனைத் தேடிப் பிடிச்சு உள்ளுக்குத் தள்ளிப்போட்டு, காலையில என்னைக் கதிரையில இருத்தித் தேத்தண்ணி ஊத்தித் தந்தனீர். உமக்கு வெக்கம் எண்டு ஒண்டு இல்லையோ?"

ராஜலிங்கம் சேந்தனின் முழங்கையைத் தொட்டு, பொறுப்பதிகாரி நின்ற பக்கம் நடத்திக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு எல்லாம் கோட்டு வேகத்தில் நடந்தது, அதாவது மெதுவாக. பொறுப்பதிகாரி மர்சூக்கிடம் கேட்டார், ராஜலிங்கத்திடம் கேட்டார், பிறகு யாருடனோ தொலைபேசியில் வெகுநேரம் பேசினார். கொழும்புப் பொடியனின் பெயர் சேந்தனின் வாயாலேயே வந்தது. வழக்கைக் கூப்பிட்டபோது பிணை கொடுக்க ஆட்சேபனை இல்லை என்று பொலிஸ் சொன்னது. நீதவான் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்துவிட்டு றஜீவைச் சரீரப் பிணையில் விட்டார். ஒருவரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று பத்மாதேவி எதிர்பார்க்கவும் இல்லை, ஆனாலும் அது அவளுக்குச் சுட்டது.

றஜீவ் படிக்கட்டில் இறங்கி வந்தான். சேர்ட் கசங்கி, தாடி முளைத்து, செருப்பு யாருடையதோ. ஷாமலா எழுந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். எஸ்ரன் பக்கத்தில் போய், "வாங்க அண்ணே, வெளியில காத்து நல்லா வீசுது, ட்ரோன்தான் விட முடியாது," என்றான்.

றஜீவ் சிரிக்கவில்லை. பத்மாதேவியைப் பார்த்தான்.

"மிஸ், அந்த பைலட் மிஸ்ஸுக்குக் கண்ணு எப்படி இருக்கு? பார்வை இருக்குமாமா? உள்ள எல்லாருக்கிட்டயும் கேட்டேன். யாருமே சொல்லல."

பத்மாதேவி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து ஒரு அதிகாரி, ஒரு கான்ஸ்டபிள், ஒரு சாட்சி, ஒரு லொறிக்காரன் என்று ஊர் முழுக்க ஓடிக் கேள்வி கேட்டிருக்கிறாள். சேந்தனின் முகத்துக்கு முன்னால் அந்தக் கண்ணைச் சொல்லிச் சத்தம் போட்டிருக்கிறாள். ஷிராணி இப்போது எப்படி இருக்கிறாள் என்று ஒருத்தரிடமும் கேட்கவில்லை.

"தெரியாது, தம்பி," என்றாள். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபங்களில் அதுதான் பெரிது. அதைக் காட்ட அவள்முன் யாரும் இல்லை.

றஜீவ் தலையாட்டினான். ஷாமலாவின் கையிலிருந்த பார்சலை வாங்கிக்கொண்டான், பிரிக்கவில்லை. நால்வரும் ஓட்டோவில் ஏறினார்கள். குண்டசாலை திரும்பும் சந்தியில் எஸ்ரன் வேகத்தைக் குறைத்துப் பின்னால் பார்த்தான். ஒருவரும் இறங்குவதாக இல்லை. அவன் கண்டி ஆஸ்பத்திரிக்கு நேரே விட்டான்.